ரொமான்டிக் காலப் பைப் ஆர்கன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைப் ஆர்கன் கற்பவர்கள், ஆலய ஆர்கனில் ஃப்ராங்க், விதோர் போன்ற 19ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர்களை வாசிக்க முயல்பவர்கள், பதிவுகளைக் கேட்டுவிட்டு மேலும் அறிய விரும்புபவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பிரான்ஸைப் பற்றியே அதிகம் இருக்கும். காரணம், அந்த நாட்டில் முதலில் கருவி மாறியது, அதற்குப் பிறகுதான் இசை மாறியது. அந்தக் கருவிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அந்த இசைப் பிரதியைப் படித்தால் பாதி குறிப்புகள் புதிராகவே நிற்கும்.

ஆர்கனுக்கு ரொமான்டிக் காலம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது?

பியானோ இசைக்குச் சொல்லும் ஆண்டுகளை அப்படியே இங்கே போட முடியாது. ஆர்கனில் இந்தக் காலம் தாமதமாக வந்து தாமதமாகவே விடைபெற்றது. மெண்டல்சனின் ஓபஸ் 37 பிரெலூடுகளும் ஃபியூகுகளும் 1837இல் வெளிவந்தன. லூயி வியர்னின் ஆறாவது ஆர்கன் சிம்பொனி 1930இல் எழுதப்பட்டது. ஏறத்தாழ இந்த நூறாண்டுகளையே ரொமான்டிக் ஆர்கன் இசையின் காலமாகக் கொள்ளலாம்.

நம்மூர் ஆர்மோனியப் பெட்டியும் இதுவும் ஒரே குடும்பமா?

தூரத்து உறவுதான். ஆர்மோனியத்தில் குழல் கிடையாது. காற்று பட்டதும் பித்தளை நாக்கு தன் சட்டத்துக்குள் இப்படியும் அப்படியும் அதிர்ந்து ஒலி தரும். பைப் ஆர்கனில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் (கைப்பிடியை இழுத்தால் ஒலிக்கும் ஒரே நிறக் குழல் வரிசை) தனித்தனிக் குழல் நிற்கும். அதில் ‘ரீட்’ வகைக் குழல்களும் உண்டு. ஆனால் அங்கே நாக்கு ஒரு சிறு பித்தளைத் தொட்டியின் மேல் அடித்து அதிரும், மேலே உள்ள குழல் அந்த ஒலிக்கு உருவம் தரும்.

இருந்தாலும் இரண்டும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் வளர்ந்தவை. அலெக்சாந்த்ர் தெபேன் 1842இல் பாரிஸில் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். மிதித்து வாசிக்கும் அந்தப் பெட்டியைக் கையால் துருத்தி போடும்படி மாற்றியதுதான் நம் நாடக மேடைக்கும் பஜனைக்கும் வந்து சேர்ந்தது. செசார் ஃப்ராங்க் தன் கடைசிக் காலத்தில் ஆர்மோனியத்துக்கென்றே சிறு துண்டுகளின் தொகுப்பு ஒன்றை எழுதினார்.

‘8 அடி’, ‘16 அடி’ என்பது என்ன?

ஸ்டாப்பின் மிகத் தாழ்ந்த சி சுரத்துக்கான திறந்த குழலின் நீளம். 8 அடி என்றால் (சுமார் 2.4 மீட்டர்) பியானோவில் எழுதியுள்ள உயரத்திலேயே ஒலிக்கும். 16 அடி ஒரு ஸ்தாயி கீழே, 4 அடி ஒரு ஸ்தாயி மேலே. மேல் வாய் அடைத்த குழலானால் பாதி நீளமே போதும். ‘புர்தோன் 8’ என்று எழுதிய ஸ்டாப்பின் பெரிய குழல் நான்கடிதான் இருக்கும், சுரம் மட்டும் எட்டடிச் சுரம்.

பாக் 1750இல் இறந்த பிறகு ஏன் பெரும் தொய்வு?

பல காரணங்கள் ஒன்று சேர்ந்தன. கட்டணம் கொடுத்துக் கேட்கும் கச்சேரி அரங்குகள் பெருகின, அங்கே பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் ஆண்டன. ஒலியை மெல்ல ஏற்றி இறக்குவதுதான் அந்தத் தலைமுறையின் இசை மொழி. ஆர்கனால் அது முடியவில்லை, ஸ்டாப் போட்டால் திடீரென்று ஏறும், எடுத்தால் திடீரென்று இறங்கும். பிரான்ஸில் புரட்சியும் சேர்ந்துகொண்டது. பல தேவாலயங்கள் மூடப்பட்டன, குழல்களின் ஈயமும் தகரமும் உருக்குவதற்குப் போயின.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இன்னொரு குறையும் இருந்தது. அவர்களின் பழைய ஆர்கன்களில் பெடல் எனும் கால்கட்டைகள் குட்டையாக இருந்தன. நீண்ட சுரத்தைத் தாங்கிப் பிடிக்க அவை போதும், பாக்கின் பெடல் ஓட்டங்களுக்குப் போதாது. பாரிஸில் பாக்கை விடாமல் வாசித்த ஆர்கனிஸ்ட் பொயெலி 1851இல் தன் தேவாலயப் பதவியை இழந்தார். அவர் வாசிப்பு சபைக்கு மிகவும் வறட்சியாகப் பட்டதாம். அன்றைய ரசனை எப்படி இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மெண்டல்சன் என்ன செய்தார்?

1840 ஆகஸ்ட் 6ஆம் தேதி லைப்சிக் தோமாஸ் தேவாலயத்தில் முழுக்க பாக்கின் படைப்புகளையே கொண்ட கச்சேரி ஒன்றைத் தனியாக வாசித்தார், பாக்குக்கு நினைவுச்சின்னம் எழுப்பப் பணம் திரட்டுவதற்காக. 1845இல் ஓபஸ் 65 ஆக ஆறு சொனாட்டாக்கள் வெளியாயின. லண்டன் பதிப்பாளர் ஒருவர் ஆங்கில ஆலயங்களுக்கான தனித்தனி ‘வாலன்டரி’களைத்தான் (வழிபாட்டின்போது தனியாக வாசிக்கும் துண்டுகள்) கேட்டிருந்தார். அதனால்தான் இவை பியானோ சொனாட்டாவின் கட்டமைப்பில் அடங்காமல் கோரல் (திருச்சபைப் பாட்டு), ஃபியூக், பாட்டுப் போன்ற மெது நடை என்று கலந்து கிடக்கின்றன.

வாசிப்பவருக்கு முக்கியமானது அவர் முன்னுரை. ஸ்டாப் பெயர் எதையும் அவர் விதிக்கவில்லை, ஒலி அளவை மட்டும் விளக்குகிறார். ஃபோர்ட்டிசிமோ என்றால் முழு ஆர்கன். ஃபோர்ட்டே என்றால் மிக வலுவான சில ஸ்டாப்களை விட்டுவிட்டு மற்றவை. பியானோ என்றால் மென்மையான 8 அடி ஸ்டாப்கள் சில சேர்ந்து. பியானிசிமோ என்றால் மென்மையான 8 அடி ஒன்றே ஒன்று. பெடலில் வேறு மாதிரி சொல்லாத இடமெல்லாம், பியானிசிமோவில்கூட, 16 அடியும் 8 அடியும் சேர்ந்தே இருக்க வேண்டும். மென்மையாக வாசிக்க வேண்டுமே என்று பெடலில் 16 அடியை மட்டும் விட்டுவைப்பது இன்றும் நடக்கும் தவறு. பாஸ் வரி குழம்பிக் கரைந்துவிடும்.

கவாயே-கோல் என்ற பெயர் ஏன் எல்லா இடத்திலும் வருகிறது?

அரிஸ்தீத் கவாயே-கோல் (1811–1899) ஆர்கன் கட்டும் குடும்பத்தில் மோன்பெல்லியேயில் பிறந்தவர். 1833இல் பாரிஸ் வந்தார், அதே ஆண்டு சான் தெனி பசிலிக்காவின் ஆர்கனைக் கட்டும் போட்டியில் வென்றார். கருவி 1841இல்தான் முடிந்தது. அந்த எட்டு ஆண்டுத் தாமதம் இசைக்கு நன்மையாகவே முடிந்தது, ஏனென்றால் இடையில் பார்க்கர் லீவர் (அடுத்த கேள்வியில் விளக்கம்) கண்டுபிடிக்கப்பட்டு அந்தக் கருவிக்குள் நுழைந்தது. அதன் பிறகு மதலேன் (1846), சாந்த் க்ளோதில்த் (1859), சான் சுல்பிஸ் (1862, 5 மேனுவல், அதாவது கையால் வாசிக்கும் கட்டை வரிசை, 100 ஸ்டாப்), நோத்ர் தாம் (1868, 86 ஸ்டாப்), ரூவான் நகரின் சான் துவான் (1890, 64 ஸ்டாப்) என்று வரிசையாக வந்தன.

அவர் கருவிகளில் பழையவற்றிலிருந்து மாறியவை:

காற்றழுத்தம். ஒரே அழுத்தத்தில் எல்லாக் குழல்களையும் ஊதினால் மேல் ஸ்தாயி மெலிந்து போகும். பாஸ் பகுதிக்கு ஓர் அழுத்தம், மேலே போகப் போக அதிக அழுத்தம் என்று அவர் பிரித்தார். அதனால் மெட்டு மேலே ஏறும்போது ஒலி சுருங்காமல் விரிகிறது. ரொமான்டிக் மெட்டுக்கு வேண்டியதே அதுதான்.

காற்றுப்பெட்டியை (குழல்கள் நிற்கும், அவற்றுக்குக் காற்று தரும் பெட்டி) இரண்டாகப் பிரித்தல். ஒவ்வொரு மேனுவலின் ஸ்டாப்களும் இரு கூட்டங்களாயின. 16, 8, 4 அடி அடித்தள ஸ்டாப்கள் ஒரு பெட்டியில், ரீட்களும் மிக்சர்களும் (ஒரு கட்டைக்குப் பல உயர்சுரக் குழல்கள் சேர்ந்து ஒலிக்கும் ஸ்டாப்கள்) உயர்சுரங்களும் இன்னொரு பெட்டியில். இரண்டாவது பெட்டிக்குக் காற்றை விடுவதும் நிறுத்துவதும் காலருகே உள்ள இரும்பு மிதியின் வேலை.

ஆர்மோனிக் குழல்கள். ‘ஃப்ளூத் ஆர்மோனிக்’ ஸ்டாப்பின் மேல்பாதிக் குழல்கள் வழக்கமான நீளத்தைப் போல் இரு மடங்கு, ஏறத்தாழ நடுவில் ஒரு சிறு துளை. வலுவான காற்றில் அது ஒரு ஸ்தாயி தாவி ஒலிக்கும், அதாவது வேண்டிய சுரத்திலேயே, ஆனால் இரட்டை உடம்போடு. ட்ரம்பெட் வகைகளிலும் இதே உத்தி.

‘ரெசி’ மேனுவல். பழைய பிரெஞ்சு ஆர்கனில் பாதிக் கட்டைகளோடு ஓரமாக இருந்த இது, முழு நீளம் பெற்று, திறந்து மூடி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கதவுப் பலகைகள் கொண்ட ஸ்வெல் பெட்டிக்குள் போய், ஓபுவா, ட்ரம்பெட், காம்ப், செலெஸ்த் ஆகிய ஸ்டாப்கள் எல்லாம் பெற்றது. ஸ்வெல் பெட்டி அவர் கண்டுபிடிப்பு அல்ல, லண்டனில் 1712இலேயே இருந்தது. பெட்டிக்குள் முழு ரீட் கூட்டத்தையும் வைத்து, அதை ஒட்டுமொத்த கிரெஷெண்டோவின் (மெல்ல ஏறும் ஒலி) இயந்திரமாக்கியதுதான் அவர் செய்தது.

பார்க்கர் லீவர் எப்படி வேலை செய்கிறது?

கட்டையை அழுத்தினால் அதோடு இணைந்த மரச்சட்டம் காற்றுப்பெட்டியின் அடைப்பு ஒன்றை இழுத்துத் திறக்கும். உள்ளே இருக்கும் காற்றழுத்தம் அந்த அடைப்பை மூடியே வைக்கப் பார்க்கும், விரல் அதை வெல்ல வேண்டும். அழுத்தம் கூடினால் எதிர்ப்பும் கூடும். மூன்று மேனுவலை இணைத்தால் ஒரு விரல் ஒரே நேரத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அடைப்புகளை இழுக்க வேண்டும். வேகமாக வாசிக்கவே முடியாது.

சார்ல்ஸ் ஸ்பாக்மன் பார்க்கர் (1804–1879) என்ற ஆங்கிலேயர், ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சிறு துருத்தியை வைத்தார். நடப்பது இந்த வரிசையில்: கட்டை ஒரு சிறிய வால்வை மட்டும் திறக்கிறது, அழுத்தக் காற்று குட்டித் துருத்திக்குள் பாய்கிறது, துருத்தி உப்பி எழும்போது மரச்சட்டத்தை அதுவே இழுக்கிறது, கட்டையை விட்டதும் வெளியேற்று வால்வு திறந்து துருத்தி சுருங்குகிறது. பின்னால் எத்தனை மேனுவல் இணைந்தாலும் விரலுக்கு எடை ஒன்றே. இங்கிலாந்தில் இதை வாங்க ஆள் கிடைக்காமல் பிரான்ஸுக்குப் போனார், 1839இல் அங்கே காப்புரிமை பெற்றார்.

கெட்டுப்போவது பெரும்பாலும் தோலில்தான். துருத்தியின் மடிப்புத் தோல் வறண்டு வெடித்தால் அந்த ஒரு சுரம் மட்டும் தாமதமாகவோ அரைகுறையாகவோ பேசும். வெளியேற்று வால்வு சரியாகத் திறக்காவிட்டால் விரலை எடுத்த பிறகும் சுரம் நின்று அலறும். இயந்திரம் சரியாக இருந்தாலும் டப்டப்பென்று ஒரு மெல்லிய சத்தம் உண்டு, அருகில் உட்கார்ந்தால் கேட்கும், கீழே சபைக்குக் கேட்காது. (1844இல் சான் யூஸ்தாஷ் ஆர்கனுக்குள் பழுது பார்த்துக்கொண்டிருந்த பார்க்கர் மெழுகுவர்த்தியைத் தட்டிவிட, கட்டி முடித்து ஓராண்டுகூட ஆகாத அந்தக் கருவி முழுவதும் எரிந்தது. கருவிக்குள் நெருப்போடு போகாதீர்கள்.)

பிரதியில் ‘ஆன்ஷ் தயாராக’ என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால்?

‘ஆன்ஷ்’ என்றால் ரீட்கள். நடைமுறையில் ரீட்களோடு அந்த இரண்டாம் காற்றுப்பெட்டியில் இருக்கும் மிக்சர்களும் சேர்த்தி. ‘தயாராக’ என்றால் ஸ்டாப் கைப்பிடிகளை இழுத்து வைத்துவிட வேண்டும், ஆனால் காற்றை விடக் கூடாது. ஸ்டாப் வெளியே நிற்கும், ஒலி வராது. மிதியை அழுத்தியதும் மொத்தக் கூட்டமும் ஒரே கணத்தில் பாயும்.

மூன்று மேனுவல் கருவியில் ஒரு முழு கிரெஷெண்டோவை இப்படி அமைப்பார்கள்:

1. மூன்று மேனுவலிலும் 8 அடி அடித்தள ஸ்டாப்கள் (மோந்த்ர், புர்தோன், ஃப்ளூத் ஆர்மோனிக், காம்ப்). பிரதி கேட்டால் 16உம் 4உம். ரெசியில் ஓபுவாவையும் அடித்தளத்தோடு சேர்க்கலாம், ஃப்ராங்க் அடிக்கடி அப்படித்தான் கேட்கிறார்.
2. எல்லா ரீட்களும் இழுத்து வைக்கப்பட்டுக் காற்று மூடியிருக்கும். ரெசியின் பெட்டியும் மூடியிருக்கும்.
3. ரெசி, பொசிதிஃப் (இன்னொரு துணை மேனுவல்) இரண்டும் கிராந்த் ஓர்க்குடன் (முதன்மை மேனுவல்) இணைக்கப்படும். ‘தீராஸ்’ எனும் இணைப்பு கால்கட்டைகளை மேனுவல்களோடு சேர்க்கும்.
4. பெட்டி மூடியிருக்கும்போதே ரெசியின் ரீட்களுக்குக் காற்று. இது காதுக்குத் தெரியாமல் நடக்க வேண்டும்.
5. பெட்டி மெல்லத் திறக்கும். இங்கேதான் கிரெஷெண்டோவின் பெரும்பகுதி.
6. பிறகு பொசிதிஃப் ரீட்கள், அடுத்து கிராந்த் ஓர்க் ரீட்கள், அவற்றோடோ சற்றுப் பின்னரோ பெடல் ரீட்கள்.

இறங்கும்போது இதே வரிசை தலைகீழாக.

தவறுகள் எங்கே நடக்கின்றன? முந்தைய துண்டில் திறந்த மிதியை மூட மறந்து அடுத்த துண்டை மென்மையாகத் தொடங்க நினைக்கும்போது, முதல் சுரத்திலேயே ட்ரம்பெட்கள் வெடிக்கும். பெட்டி பாதி திறந்திருக்கும்போதே ரெசி ரீட்களைச் சேர்த்தால் படி ஏறிய சத்தம் கேட்கும். மூன்றாவது, மிக்சரை முதலில் போடுவது. ஜெர்மன் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் அடித்தளத்தின் மேல் மிக்சர், அதற்கு மேல் ரீட் என்று அடுக்குவார்கள். பிரெஞ்சு ஒலியில் ரீட்தான் தலைவன், மிக்சர் அதற்குப் பூச்சு.

ஸ்வெல் பெட்டியை எல்லா இடத்திலும் அசைக்கலாமா?

கூடாது. அந்தக் காலத்து பிரெஞ்சுக் கருவிகளில் பெட்டியின் மிதி இன்றைய சாய்வுப் பலகை அல்ல. வலது ஓரத்தில் இருக்கும் கரண்டி போன்ற ஒரு நெம்புகோல். அழுத்தி ஒரு வெட்டில் மாட்டி நிறுத்த வேண்டும், விட்டால் மூடிக்கொள்ளும். அதில் சன்னமான அசைவுகள் முடியாது, நீண்ட ஏற்றமும் நீண்ட இறக்கமும்தான். அதனால்தான் வலது கால் பெட்டியில் இருக்க வேண்டிய இடங்களில் பெடல் வரி பெரும்பாலும் இடது காலுக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கும். பிரதியில் இருக்கும் குறிகளை மட்டும் செய்தாலே போதும்.

ஃப்ராங்கை எங்கிருந்து புரிந்துகொள்வது?

லியேஜில் பிறந்த செசார் ஃப்ராங்க் (1822–1890) சாந்த் க்ளோதில்த் தேவாலயத்தின் புதிய கவாயே-கோல் கருவியில் 1859 முதல் சாகும் வரை வாசித்தார். 46 ஸ்டாப்களே கொண்ட கருவி அது. அவருடைய பெரிய ஆர்கன் படைப்புகள் மொத்தம் பன்னிரண்டுதான்: 1868இல் வெளியான ஆறு துண்டுகள், 1878இல் பாரிஸின் துரொகாதெரோ அரங்கத்துக்காக எழுதிய மூன்று, இறந்த ஆண்டில் எழுதிய மூன்று கோரல்கள். எண்ணிக்கை குறைவு, ஆனால் 19ஆம் நூற்றாண்டின் ஆர்கன் இசையில் எதை இழந்தாலும் இந்தப் பன்னிரண்டை இழக்க முடியாது என்பது எங்கள் எண்ணம்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மூன்று ‘கோரல்’களும் எந்தத் திருச்சபைப் பாட்டின் மேலும் கட்டப்பட்டவை அல்ல, மெட்டுகள் ஃப்ராங்கின் சொந்தம். ஆறு துண்டுகளில் ஒன்றான எஃப் ஷார்ப் மைனர் ‘கிராந்த் பியெஸ் சம்ஃபோனிக்’தான், தனி ஆர்கனுக்குள் ஒரு முழு சிம்பொனியின் அகலத்தை முதலில் கொண்டுவந்தது.

கைக்கு வரும் தொல்லை: ஃப்ராங்கின் கை மிகப் பெரியது. பத்தாம் இடைவெளிகளைச் சாதாரணமாக எழுதிவிடுவார். எட்டாதவர்கள் முதலில் மறு கையின் கட்டைவிரல் அந்த உள்சுரத்தை எடுக்க முடியுமா என்று பார்க்கவும். முடியாவிட்டால், பெடலில் ஏற்கனவே ஒலிக்கும் சுரத்தின் இரட்டிப்பை விடலாம். தந்தி மீட்டுவது போல் கோர்டை உடைத்து வாசிப்பதைத் தவிருங்கள். பியானோவில் அழகு, நீண்ட எதிரொலி கொண்ட தேவாலயத்தில் தடுமாற்றமாகத்தான் கேட்கும்.

ஏ மைனர் கோரலின் நடுவில் வரும் அடாஜியோவில் ரெசியின் ட்ரம்பெட் தனிக்குரலாகப் பாடும். பெட்டிக்குள் இருக்கும் மென்மையான ட்ரம்பெட் அது. உங்கள் கருவியில் ட்ரம்பெட் கரகரப்பாகவும் பெட்டிக்கு வெளியேயும் இருந்தால், ஓபுவாவோடு ஒரு 8 அடிப் புல்லாங்குழல் ஸ்டாப்பைச் சேர்த்து வாசிப்பதே மேல்.

லெகாட்டோவுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?

பெல்ஜியத்தின் ழாக் லெமென்ஸ் (1823–1881) ப்ரெஸ்லாவில் அடோல்ஃப் ஹெஸ்ஸேயிடம் படித்துவிட்டு வந்து, 1862இல் தன் பாடநூலை வெளியிட்டார். கில்மானும் விதோரும் அவர் மாணவர்கள். பிரெஞ்சுப் பள்ளியின் விரல் ஒழுக்கம் முழுவதும் அங்கிருந்து வந்தது. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே இடைவெளி கூடாது. அதற்கு ஒரே கட்டையின் மேல் விரல் மாற்றுவது, கட்டைவிரல் சறுக்குவது, பெடலில் நுனியும் குதிகாலும் மாறி மாறி வைப்பது எல்லாம் பழக வேண்டும். ஒரே சுரம் திரும்ப வந்தால் முதல் சுரத்தின் மதிப்பில் பாதியை மௌனமாக்க வேண்டும். ஸ்டக்காட்டோவும் அதே பாதி. ஒரு குரலின் சுரத்தை அடுத்த கணம் இன்னொரு குரல் வாங்கிக்கொண்டால் திரும்ப அடிக்காமல் பிடித்தே வைப்பது. கணக்காகத் தெரியும், ஆனால் எதிரொலி மிகுந்த கட்டடத்தில் தாளம் கேட்பதே இந்தக் கணக்கால்தான்.

தனி ஆர்கனுக்கு ‘சிம்பொனி’யா?

ஆம், ஆர்கெஸ்ட்ரா இல்லாமல். சார்ல்-மரி விதோர் (1844–1937) 1870இல் சான் சுல்பிஸுக்குத் தற்காலிகமாக நியமிக்கப்பட்டார். 1933 வரை, 63 ஆண்டுகள், அந்தத் ‘தற்காலிகம்’ நீடித்தது. நூறு ஸ்டாப் கருவி கையில் இருந்தவர் அதற்கு சிம்பொனி என்று பெயர் வைத்ததில் ஆச்சரியமில்லை. ஓபஸ் 13இல் நான்கு, ஓபஸ் 42இல் நான்கு, பிறகு ‘கோதிக்’ (1895), ‘ரோமான்’ (1900) என்று பத்து. முதல் நான்கு தனித்தனி துண்டுகளின் தொகுப்பு போலவே இருக்கும். ஐந்திலிருந்து கட்டுமானம் இறுகுகிறது.

பார்வை மிகக் குறைந்தவரான வியர்ன் (1870–1937) 1900இல் போட்டியில் வென்று நோத்ர் தாம் ஆர்கனிஸ்ட் ஆனார். அவருடைய ஆறு சிம்பொனிகளில் இசை மேலும் மேலும் இருண்டு, சுருதி அலைகிறது. 1937 ஜூன் 2 அன்று அதே கருவியில் கச்சேரி நடுவே இறந்தார்.

சான்-சான்ஸின் ‘ஆர்கன் சிம்பொனி’ (1886) இந்த வகையே அல்ல. அது ஆர்கெஸ்ட்ரா சிம்பொனி, அதில் ஆர்கனும் ஒரு வாத்தியம்.

விதோரின் தோக்காத்தாவை எவ்வளவு வேகத்தில் வாசிப்பது?

ஐந்தாம் சிம்பொனியின் கடைசிப் பகுதி, திருமணங்களில் எல்லோரும் கேட்பது. முதலில் கால்சுரத்துக்கு நிமிடத்துக்கு 118 என்று போட்டிருந்த விதோர் பின்னாளில் அதை 100 ஆகக் குறைத்தார். 1932இல் சான் சுல்பிஸில் அவரே பதிவு செய்தபோதும் நிதானம்தான். இன்று பலரும் ஓட்டும் வேகத்தில் இடது கையின் குறுகிய கோர்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கூழாகிவிடுகின்றன.

பயிற்சிக்கு, இடது கையையும் பெடலையும் மட்டும் முதலில் சேருங்கள். வலது கை உருட்டல் பார்வைக்குத்தான் கடினம், நடை தவறுவது இடது கையில். நடுப்பகுதியில் ஒலி இறங்கும்போது வேகமும் இறங்கிவிடும், அதைக் கவனியுங்கள். மணிக்கட்டு வலித்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

ஜெர்மனி வேறு பாதையில் போனதா?

கருவியிலும் சரி, மனநிலையிலும் சரி. மெர்செபுர்க் பேராலயத்தில் ஃப்ரிட்ரிஷ் லாடேகாஸ்ட் 1855இல் 81 ஸ்டாப் கருவியை முடித்தார். மையர்பேர் ஆபெரா ஒன்றின் கோரல் மெட்டின் மேல் லிஸ்ட் கட்டிய ‘ஆட் நோஸ்’ ஃபான்டசி அங்கே அதே ஆண்டு ஒலித்தது. அரை மணி நேரம் நீளும் ஒற்றை வீச்சு. அவர் மாணவர் யூலியுஸ் ரொய்ப்கே 94ஆம் சங்கீதத்தை வைத்து எழுதிய சொனாட்டாவை அங்கேயே 1857இல் வாசித்தார், அடுத்த ஆண்டு 24 வயதில் காலமானார். இந்த இரண்டையும் கேட்காமல் ரொமான்டிக் ஆர்கன் என்றால் பாரிஸ் என்று சொல்லிவிடக் கூடாது.

ரைன்பெர்கர் இருபது சொனாட்டாக்களை அமைதியாக எழுதினார். பிராம்ஸ் 1896இல் பதினொரு கோரல் பிரெலூடுகளை எழுதினார். பிறகு மாக்ஸ் ரேகர் (1873–1916): கறுத்துப்போகும் அளவுக்குச் சுரங்கள் அடைந்த பக்கங்கள், நான்கு பி (மிக மிக மெல்லியது) முதல் நான்கு எஃப் (மிக மிக வலியது) வரை குறிகள். அவற்றைச் செய்ய வைத்தது ‘வால்ட்ஸெ’ எனும் கால் உருளை. அதை உருட்டினால் மிக மெல்லிய ஸ்டாப்பிலிருந்து முழு ஆர்கன் வரை, கட்டியவர் நிர்ணயித்த வரிசையில் ஸ்டாப்கள் ஒவ்வொன்றாகச் சேரும். ரேகருக்கு இது உயிர். ஃப்ராங்குக்கு இதைப் பயன்படுத்தினால் மிக்சர்கள் ரீட்களுக்கு முன்பே வந்து நின்று நிறத்தைக் கெடுக்கும்.

இங்கிலாந்து?

ஆலயத்தைவிட நகர மண்டபம் அங்கே முக்கியம். ஹென்றி வில்லிஸ் 1855இல் லிவர்பூல் செயின்ட் ஜார்ஜ் ஹாலில் 100 ஸ்டாப் கருவி கட்டினார். டபிள்யூ. டி. பெஸ்ட் அதில் ஆர்கெஸ்ட்ரா இசையை ஆர்கனுக்கு மாற்றி, ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்குப் போக வசதியில்லாத மக்களுக்கு வாசித்தார். மேனுவல்களுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தும் பிஸ்டன்கள் வில்லிஸ் தந்தவை. இன்றைய எந்த ஆர்கனிலும் உங்கள் விரல் தேடுவது அதைத்தான்.

எங்கள் ஆலயத்தில் இருப்பது சிறிய அல்லது மின்னணு ஆர்கன். என்ன செய்வது?

இரண்டு மேனுவல் போதும், பெட்டியோடு ஒரு மேனுவல் கட்டாயம் வேண்டும். 8 அடி ஸ்டாப்களில் குறைந்தது மூன்றைச் சேர்த்து வாசியுங்கள். பழைய பரோக் ஒலிக்காகக் கட்டிய கருவிகளில் 8 அடிகள் மெலிந்தும், தொடக்கத்தில் ‘சிக்’ என்ற உமிழ்வோடும் பேசும். அங்கே மேலே மிக்சரைப் போட்டு நிரப்ப நினைக்காதீர்கள், 4 அடிப் புல்லாங்குழலோடு நிறுத்துங்கள். செலெஸ்த் ஸ்டாப் இன்னொன்றைவிடச் சற்றுக் கூட்டிச் சுருதி சேர்க்கப்பட்டது, அதைத் தனியாக இழுத்தால் சுருதி கெட்டதாகத்தான் கேட்கும், காம்ப்போடு சேர்த்தே போட வேண்டும்.

மின்னணுக் கருவியில் ஒலிபெருக்கிதான் எல்லை. 16 அடி ஸ்டாப்பின் கீழ் சி சுமார் 33 ஹெர்ட்ஸ். சிறு ஸ்பீக்கரில் அது வராது, பாஸ் குமிழைத் திருகினால் இரைச்சல்தான் கூடும். பெடலில் தெளிவான ஒரு 8 அடியைச் சேர்த்தால் காது மீதியை நிரப்பிக்கொள்ளும். செயற்கை எதிரொலியைக் குறைவாக வைத்துப் பழகுங்கள். அதிகம் வைத்தால் லெகாட்டோ இல்லாததை அது மறைத்துவிடும்.

அந்தப் பழைய கருவிகளை இன்றும் கேட்க முடியுமா?

சான் சுல்பிஸும் சான் துவானும் ஏறத்தாழ மாறாமல் இருக்கின்றன. அசல் ஒலி வேண்டுமென்றால் இவை இரண்டின் பதிவுகளைத் தேடுங்கள். நோத்ர் தாம் கருவி 2019 தீயில் எரியவில்லை, தூசியை நீக்கிச் சீராக்கி 2024 டிசம்பரில் மீண்டும் ஒலித்தது, ஆனால் 20ஆம் நூற்றாண்டில் பலமுறை மாற்றப்பட்ட கருவி அது. ஃப்ராங்கின் சாந்த் க்ளோதில்த் 1933 முதல் பெரிதாக்கப்பட்டுவிட்டது. அவர் கேட்ட ஒலி இன்று அங்கே அப்படியே இல்லை. துரொகாதெரோ கருவி லியோன் நகரக் கச்சேரி மண்டபத்தில் இருக்கிறது.

ஜெர்மனியில் 1920களில் எழுந்த ஆர்கன் சீர்திருத்த இயக்கம் பரோக் ஒலியைத் தேடி ரொமான்டிக் கருவிகள் பலவற்றைப் பிரித்துப் போட்டது. அந்த இயக்கத்துக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் ஆல்பர்ட் ஷ்வைட்சர், விதோரின் மாணவர், 1906இல் எழுதியபோது கவாயே-கோலைப் புகழ்ந்துதான் எழுதினார். பின்வந்தவர்கள் அந்தப் பகுதியை வசதியாக மறந்துவிட்டார்கள்.

முதலில் எந்தத் துண்டுகளைப் படிப்பது?

பெடல் இன்னும் பழகாதவர்கள் ஃப்ராங்கின் ஆர்மோனியத் தொகுப்பிலும், மேனுவலுக்கு மட்டும் வாசிக்கும்படி வியர்ன் எழுதிய ‘ஸ்தீல் லீப்ர்’ 24 துண்டுகளிலும் தொடங்கலாம். ஓரளவு பெடல் வந்தபின் மெண்டல்சனின் இரண்டாம் சொனாட்டா. அதன் பிறகு லெயோன் பொயெல்மானின் ‘கோதிக் சூட்’ (1895). அதன் தோக்காத்தா கேட்பதைவிட எளிது. பிறகு ஃப்ராங்கின் ‘பிரெலூட், ஃபியூக், வேரியேஷன்’. இதை எடுக்கும்போது வேரியேஷன் பகுதியில் இடது கையின் ஓடும் வரியை முதலில் தனியாக, ஒரே ஒரு 8 அடி ஸ்டாப்பில், மெட்ரோனோம் வைத்து உறுதிப்படுத்துங்கள். ஓபுவா மெட்டில் மனம் போய், அந்த வரி மெல்ல வேகமெடுத்துவிடுவது வழக்கம்.